சுடுகிறது

குத்தாயிசி நகரம். விடிகாலை நாலரை.
தோனே அடுப்புக்குள் இடுப்புவரை குனிந்து
உட்சுவரில் மாவை அறைகிறாள் மக்வாலா.

முப்பது வருஷமாகச்
சுட்டால் கை தானே வெளியே வந்துவிடும்.
தண்டுவடம் போட்ட உத்தரவு.
மூளைக்குத் தகவல் அப்புறம்தான்.
‘ஐயோ’ எப்போதும் தாமதமாக வரும் சொல்.

ரசீதின் பின்பக்கம் டாக்டர் இஸோல்டா வரைந்து காட்டினாள்:
நீ மாவில் போடுகிறாயே, அந்த உப்பின் துகள்தான்
நரம்புக்குள் பாய்ந்து பாய்ந்து
சேதியாக ஓடுகிறது.
நரம்பு முடிகிற இடத்தில் ஒரு இடைவெளி,
மயிரிழையைவிடச் சன்னம், பாலம் கிடையாது.
துளி ரசாயனம் நீந்திப்போய்
அடுத்த கதவைத் தட்டும்.

போன செவ்வாய் யாரும் தட்டவில்லை.
கை அடுப்பிலேயே இருந்தது.
தோல் கருகும் வாடையை
மூக்குதான் முதலில் சொன்னது.

சர்க்கரை, என்றாள் டாக்டர்.
பாதத்தில் தொடங்கி
விரல்வரைக்கும் விளக்கணைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

கட்டுப்போட்ட கையோடு இன்றும் வந்துவிட்டாள்.
குனியுமுன்
அடுப்பின் வாயருகே கன்னத்தைக் கொண்டுபோகிறாள்,
காத்திருக்கிறாள்.

சுடுகிறது!
மாவு பிசையும் பையன் திரும்பிப் பார்க்கிறான்,
இதற்குப் போய் யாராவது சிரிப்பார்களா என்று.