காரணம் எழுதும் கட்டம்

பரந்தனுக்குக் கிழக்கே, முல்லைத்தீவு வீதியில்
தொழிற்சாலைக் கேற்றில் ஒரு பெரிய பனர்:
ஆட்கள் உடனடியாகத் தேவை.
அனுபவம் அவசியமில்லை.
சோளகம் அதை நாள் முழுக்க அறைந்துகொண்டிருக்கும்.
அதே சுவரின் உள்பக்கம் என் மேசை.
விலகிப் போகிறவர்களின் படிவத்தை
நான்தான் நிரப்புகிறேன்.

பெயர், இலக்கம், சேர்ந்த திகதி.
பிறகு, விலகும் காரணம்.
அதற்கு விட்ட கட்டம்
ஒரு தீப்பெட்டியின் அகலம்.
"சொந்தக் காரணம் எண்டு எழுதும், காணும்"
என்றார் முகாமையாளர், முதல் நாளே.
அந்த இரண்டு சொல்லும்
அளவெடுத்துத் தைத்ததுபோல் அதற்குள் இருந்தன.

வைகாசியில் பதினேழு சொந்தக் காரணம்.
ஆனியில் முப்பத்தொன்று.
கொழும்பிலிருந்து வந்த ஐயா கேட்டார்:
"வேலையில்லாத ஊரிலை வேலை குடுத்தம்.
இந்தச் சனத்துக்கு இன்னும் என்ன வேணும்?"
தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.
அவர் என்னைக் கேட்கவில்லை.

தவநிதி, கண்டாவளை. ஆறு வருஷமாகக் கொலர் பூட்டியவள்.
பஸ் விடிய ஐந்துக்கு ஏற்றும், இரவு ஏழரைக்கு இறக்கும்.
"மகனுக்குப் பள்ளிக்கூடக் களிசான் தைச்சன் அக்கா,
தொடைக்கு மேலை ஏறேல்லை.
வெளிநாட்டுப் பிள்ளையளின்ரை அளவெண்டால்
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்."
பேனையின் மூடியை நான் இன்னும் கழற்றவில்லை.

யோகமலரின் முதுகில் ஒரு துண்டு இரும்பு.
எடுத்தால் கால் போகும் என்று விட்டுவிட்டார்கள்.
கதிரைக்கு ஒரு சாய்மானம் கேட்டாள்.
இரண்டு வருஷம் கேட்டாள்.
பிறகு கேட்கவில்லை.
நோ சுகமாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

நிசாந்தினிக்கு மாமாவின் அந்தியேட்டி.
"ஆக்கள் இல்லை, லீவைப் பிறகு பாப்பம்."
"அவர் பிறகு ஒருக்கா சாகமாட்டார் சேர்."

மூன்றாம் லைனுக்கு அறுபது பேர் வேண்டும்,
இருப்பது நாற்பத்திரண்டு.
இலக்கு மட்டும் அறுபது பேருக்கானது.
ஆள் குறைய வேலை கூடும்,
வேலை கூட ஆள் குறையும்.
நாலாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும் இந்தக் கணக்குக்கு
இரண்டு நாள் கூட்டம் வைத்தார்கள்.
முடிவு: புதிதாகச் சேர்பவருக்கு இருபதாயிரம்.
ஏழு வருஷம் இருந்த புவனசோதிக்கு
கொம்பனிப் பெயர் போட்ட குடை.
அதை என் மேசைக் காலில் கொளுவிவிட்டுப் போனாள்.
வெளியே வெயில் எரித்தது.

சகுந்தலாதேவியின் காரணத்தைத்தான்
நான் எதிர்பார்க்கவில்லை.
செவ்வாய்தோறும் ஒழுங்கை முகப்பில்
மோட்டார் சைக்கிளில் நிற்பானாம் கடன்காரப் பெடியன்.
"கடைசிக் காசைக் கட்டின அண்டு
நல்லா நித்திரை கொண்டன் தங்கச்சி.
விடிய பஸ் ஹோன் அடிச்சுது.
கேட்டது. எழும்பேல்லை."
ஐந்து வருஷமாக அவளை எழுப்பியது
எங்கள் சம்பளம் என்றுதான்
நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

அன்றைக்குக் கட்டத்தில் எழுதினேன்:
கடன் முடிந்தது.
இரண்டு சொல். அதுவும் கொண்டது.
முகாமையாளர் சிவப்பால் வெட்டி
சொந்தக் காரணம் என்று மேலே எழுதினார்.
ஒரு விதத்தில் சரிதான்,
அதைவிடச் சொந்தமாக அவளிடம் வேறென்ன இருந்தது?

ஆவணியில் பனரைக் காணவில்லை.
காற்றோ கையோ தெரியாது.
சிறுபோகம் வெட்டி முடிந்த ஒரு பின்னேரம்
தர்மபுரம் தாண்ட, வீதி ஓரத்தில் கண்டேன்.
விரித்த பனரில் நெல் காய்ந்தது.
"ஆட்கள்" மட்டும் வெளியே தெரிந்தது,
மிச்சம் நெல்லுக்குக் கீழே.
யோகமலர் நின்றபடி காலால் கிளறிக்கொண்டிருந்தாள்.
கை காட்டினேன்.
பஸ் நிற்கவில்லை. பார்த்தாளோ தெரியாது.

இப்போது புதிய பனர், முன்னதைவிடப் பெரிது.
அதில் என் தொலைபேசி இலக்கம்.
இதுவரை மூன்று அழைப்பு.
இரண்டு, பிழையான இலக்கம்.
மூன்றாவது ஒரு பெண் குரல்.
சம்பளம் கேட்கவில்லை, இருபதாயிரமும் கேட்கவில்லை.
"பின்னேரம் எத்தினை மணிக்கு
வீட்டை கொண்டுவந்து விடுவியள்?"