உண்ணி

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு
மிளகு படியேறவில்லை.
பின்னங்கால் இரண்டும் வேறு யாருடையவோ போல
இழுபட்டு வந்தன.
குரைக்க வாயைத் திறந்தது,
பாதிக் குரைப்புத்தான் வந்தது.

ஹோன்ஸ்பியில் எங்கள் பின்வளவு
வேலி இல்லாமல் காட்டோடு முடியும்.
அங்கேதான் ஏறியிருக்கும் என்றார் மிருக வைத்தியர்.
காதுக்குப் பின்னால், மயிருக்குள்,
ஊதிப்போன சாம்பல் நிறப் பயறு ஒன்று.
ஒற்றை உண்ணி.
இருபத்தெட்டுக் கிலோ நாயை
அது படுக்க வைத்திருந்தது.

விஷமுறிவு ஊசிக்கும் நாலு இரவுக்குமாக
நாலாயிரத்து இருநூறு டொலர்.
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கையில்
குகதாசன் எடுத்தார்.
"பயப்பிடாதை, நெஞ்சுக்குள்ள ஏதோ இறுக்குது.
வேலையில ஆம்புலன்ஸ் கூப்பிட்டிட்டாங்கள்.
காரை எங்க விட்டனான் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்."

பட்ட காலிலே படும் என்பார்கள்.
எங்கள் வீட்டில் எல்லாருடையதையும் கூட்டினால்
பதினான்கு கால்.

நெஞ்சில் வயர்களோடு கிடந்தார்.
ஆஸ்பத்திரியில் ஒருவரும் ஒரு சதமும் கேட்கவில்லை.
நாயின் கணக்கைச் சொன்னதும்
திரையில் பச்சைக்கோடு ஒருமுறை துள்ளியது.
தாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றிரவு இரண்டு இடத்துக்கும் மாறி மாறி எடுத்தேன்.
சாப்பிட்டாரா?
சலம் போனாரா?
மூச்சு எப்படி?
ஒரே கேள்விகள், ஒரே வரிசை.
நடுவில் ஒருதரம் "வாலை ஆட்டினாரா?" என்றுவிட்டேன்.
மறுமுனை கொஞ்ச நேரம் பேசாமலிருந்து
"இது இருதயப் பிரிவு" என்றது.

வியாழன் இரவு இடியும் புழுதிக்காற்றும்.
ஆரூரனுக்கு இழுப்பு.
நீலப் பம்பைப் பூனை எங்கேயோ உருட்டிவிட்டிருந்தது.
இரண்டு மணிக்கு நிலத்தில் குப்புறக் கிடந்து
சோபாவுக்கு அடியில் தும்புத்தடியால் துழாவினேன்.
பென்சில் வந்தது.
காய்ந்த இடியப்பத் துண்டு வந்தது.
இவன் பிறந்த வருஷம் தொலைந்த என் ஒற்றைத் தோடு வந்தது.
(அப்போது அதற்கு எவ்வளவு அழுதேன்.
இப்போது தும்புத்தடியாலேயே தள்ளிவிட்டேன்.)
கடைசியாகப் பம்ப்.
நாலு தரம் இழுத்தான். எண்ணினேன்.
பிறகும் நாலு.
மூச்சுத் திரும்பிய பிறகு கேட்டான்,
"மிளகுக்கும் இப்பிடித்தான் இருக்குமா?"
கழுவிய கோப்பைகளை
இன்னொருதரம் கழுவப் போனேன்.

வெள்ளி அவர் வந்தார், ஆறு வகைக் குளிசையோடு.
சனி மிளகு வந்தது.
நாயின் முன்னங்காலில் மழித்த சதுரம்,
இவர் நெஞ்சில் மழித்த சதுரங்கள்.
ஒருவரை ஒருவர் முகர்ந்து பார்த்தார்கள்.
இருவருக்கும் ஒரே உத்தரவு:
படியேறக் கூடாது, பரபரப்புக் கூடாது.
மெத்தையை வரவேற்பறையில் போட்டேன்.
சீஸுக்குள் வைத்த குளிசையை நீட்ட
குகதாசன் வாங்கி விழுங்கிவிட்டு
"உப்புக் கொஞ்சம் கூட" என்றார்.

நின்ற இடத்திலேயே எனக்கு வியர்த்தது.
டப்பாவை ஓடிப்போய்ப் பார்த்தேன்.
நாயினுடையதுதான்.
வைத்தியருக்கு எடுத்துக் கேட்டால்
வயிற்றுக்கு நல்லது, ஒன்றும் செய்யாது என்றார்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஞாயிறு மிளகு தானாக எழுந்தது.
தள்ளாடித் தள்ளாடி வாசலைக் கடந்து
பக்கத்துவீட்டுச் சிவப்புமூடிக் குப்பைத்தொட்டிக்குக்
கால் தூக்கப் பார்த்து, விழுந்து,
மறுபடி தூக்கியது.
நாங்கள் மூவரும் கைதட்டினோம்.
தொட்டிக்குச் சொந்தக்காரர் டார்கோ
என்ன ஏதென்று தெரியாமல் அவரும் தட்டினார்.

இப்போது எல்லாரும் தூக்கம்.
பிரிட்ஜ் கதவில், பீட்சாக் கடைக் காந்தத்தின் கீழ்
போன திங்கள் வந்த கடிதம்.
இடது மார்பை
இன்னும் சில படங்கள் எடுக்க வேண்டுமாம்.
நாளைக்கு, ஒன்பது பத்துக்கு.
இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரவில் நாயைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்,
ஒன்று கண்டால் இன்னொன்று இருக்கலாமாம்.
காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழ், அக்குளுக்குள்
மயிரை விலக்கி விலக்கி
விரல்நுனியால் தேடுகிறேன், மிக மெல்ல.
மிளகு ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறது.
பயறளவு எதுவும் தட்டுப்படவில்லை,
நாயில்.