சில்லறைச் செலவு

விண்ணப்பத்தில் ஏழாம் கேள்வி
தொலைபேசி இலக்கம்.
அக்காவின் இலக்கத்தை எழுதினேன்.
மடத்தடியில் அவள் நின்ற நேரம் அழைத்திருக்கிறார்கள்.
பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.
போன வருடத்து வேலை அப்படிப் போனது.

இம்முறை கடிதம்.
சீனன்குடா, ஐஸ் கம்பனி,
காலை ஒன்பது மணி.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
ஒருவரின் வாய் மீசைக்குள்.
ஒருவர் கோப்பைப் பார்த்தே கதைத்தார்.
மூன்றாமவர் வாயை அகலத் திறந்து
ஒவ்வோர் எழுத்தாய் மென்று
எனக்குத் தீத்தினார்.

அந்த வாயை எனக்குத் தெரியும்.
பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம்
மெழுகுதிரிக்கு முன்னால் இருத்தி
'ப' சொல்ல வைத்தார்கள்.
சுடர் ஆடினால் சரி,
ஆடாவிட்டால் மறுபடி.
என்ன வடிவான 'ப' என்று மிஸ் கைதட்டிய வருடம்
ஊர்ப்பிள்ளைகள் பின்னம் கழித்தார்கள்.

பின்னம் நான் படித்தது
பஸ் நிலையத்துச் சீமெந்து வாங்கில்,
கிண்ணியா றஹ்மியாவின் கைகளில்.
ஒரு றொட்டியை நாலாய்க் கிழித்து
மூன்றை அவளே தின்றாள்.
மிச்சம் எவ்வளவு என்று
எண்ணெய் விரல்கள் கேட்டன.

எங்கள் கைகளில் இந்த ஊருக்குப் பெயர்
நெற்றியில் இரண்டு கொம்பு.
கடைத்தெருவில் பழத்தோல் பொறுக்கும் மான்கள்தான் காரணம்.
சுடர் ஆடாமல் சொல்லலாம்.

மீசைக்காரர் ஒரு தாளைத் தள்ளினார்:
"ஐஸ் உடைக்கும் அறையில் இடம் உண்டு.
இரைச்சலுக்கு அங்கே ஆட்கள் நிற்கிறார்களில்லை.
உங்களுக்கு அது பிரச்சினை இல்லைத்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
என்ன சத்தத்தில் வந்ததோ,
இரண்டு நாற்காலிகள் பின்னுக்குப் போயின.

அதே தாளில், கீழே, எழுதினேன்:
"நான் விண்ணப்பித்தது கணக்கு உதவியாளருக்கு.
உயர்தரத்தில் கணக்கியல், ஏ சித்தி."

வேலை தந்தார்கள்.
சித்திக்கா, மேலிடத்துச் சுற்றறிக்கைக்கா,
வேறொருவரும் வராததற்கா,
அதை மட்டும் எவரும் எழுதிக் காட்டவில்லை.

ஐஸ் அறைக்கு றஹ்மியா வந்தாள்.
அவளிடம் சான்றிதழ் இல்லை.
அவளுடைய 'ப'வுக்குச் சுடர் ஆடியதேயில்லை,
எட்டாம் ஆண்டோடு நின்றுவிட்டாள்.

மூன்றாம் நாள், கூட்டிக்கொண்டிருக்கிறேன்,
நிமிர்ந்தால் கந்தோரில் ஒரு தலையில்லை.
மின்விசிறி சுற்றுகிறது. தேநீரில் ஆவி.
யன்னலால் பார்த்தால்
முழுக் கம்பனியும் வேம்பின் கீழே.
அமோனியா கசிந்தால் ஓடுகிற ஒத்திகையாம்.
மணி அடித்ததாம்.

நான் வேம்புக்கு ஓடவில்லை.
ஐஸ் அறைக் கதவைத் திறந்தேன்.
கோடரியோடு அவள்,
தனியாக,
உடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் என் கையால் எழுதிய
முதல் செலவுச் சீட்டு:
மணியோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கு, இரண்டு.
கந்தோருக்கு ஒன்று, ஐஸ் அறைக்கு ஒன்று.

சீட்டுத் திரும்பி வந்தது.
ஓரத்தில் பென்சிலால்: "ஒன்று போதாதா?"

பதில் இன்னும் எழுதவில்லை.
ஐஸ் அறைக்கு இறங்கி வந்து,
அவள் முகத்தைப் பார்த்து,
மீசைக்காரரே
கேட்கட்டும்.