அசையும் சொத்து

டிசம்பர் கடைசி வாரம். தார்த்து நகரத்தில்
நான்கு மணிக்கே நல்ல இருட்டு.
கணக்குப் பிரிவிலிருந்து வந்த ஹெல்துர்
ஒட்டுச்சீட்டுச் சுருளை வளையல்போல் மாட்டிக்கொண்டு
எங்கள் ஆய்வகத்தை எண்ணத் தொடங்கினார்.
குளிர்பெட்டி இரண்டு, ஒன்று ஓடாது.
கால் ஆடும் முக்காலி, அதற்கும் ஓர் எண்.
என் ஸ்வெட்டரைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

ஜன்னலோரச் சாடியில்
சாட்யார்வ் ஏரியின் பாசி.
பூண்டு வாடைக்கு மூக்கைச் சுளித்தபடி,
"இது எத்தனை?" என்றார்.

எப்படிச் சொல்ல?
ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே
என் சுண்டுவிரலைவிட நீளமாய் ஒரு தண்டு.
அது முழுதும் ஒரே செல் என்றேன்.
நம்பவில்லை.
செல் என்பது கண்ணுக்குத் தெரியாதது என்று
ஆறாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்.
"சரி, உதிரிபாகங்களைச் சொல்லுங்கள்,
தனியாகக் குறித்துக்கொள்கிறேன்."

நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தேன்.

ஓரமெல்லாம் பச்சை மணிகள்,
மாடிப்படிக் கைப்பிடிபோல் சாய்ந்து சுற்றும் வரிசைகள்.
வெளிச்சத்தைச் சமைப்பவை. இடம்விட்டு நகராதவை.
நிம்மதியாக எழுதிக்கொண்டார்.

அவற்றுக்கு அடியில் ஆறு.
ஒரு பக்கம் ஏறுகிறது, மறுபக்கம் இறங்குகிறது,
இடையே பச்சையில்லாத மெல்லிய கோடு.
புறப்பட்ட துகள் ஒரு சுற்று முடித்துத் திரும்ப
முக்கால் மணி நேரம் ஆகும்.
"உட்கரு ஒன்றுதானே?"
இல்லை, நூற்றுக்கணக்கில்.
இங்கே தலைமை அலுவலகமே வெள்ளத்தில் போகிறது.
கூடவே மைட்டோகாண்ட்ரியா,
அணையாமல் மிதக்கும் அடுப்புகள்.
புரதத்தைப் பொட்டலம் கட்டி
முகவரி எழுதும் தட்டடுக்குகள்.
ரைபோசோம்களும் உண்டு; இந்தக் கண்ணாடியில் தெரியாது,
என் வார்த்தையை நம்ப வேண்டும்.
"நம்பிக்கைக்கு இந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது."

"நடுவில் காலியாக இருக்கிறதே?"
காலியல்ல, தண்ணீர்ப் பை.
உப்பு, புளிப்பு, இப்போதைக்கு வேண்டாதது எல்லாம் அதில்.
அது உள்ளிருந்து நெட்டித் தள்ளுவதால்தான்
தண்டு தண்டாக நிற்கிறது.
எங்கள் சேமிப்பு அறையை நினைத்தாரோ என்னவோ,
முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் சுருள் நழுவியது.
கண்ணாடி ஊசியைத் தட்டியது, ஊசி செல்லைத் தொட்டது.
ஆறு நின்றது.
மெல்ல அடங்கவில்லை. நின்றது.
ஏறியது ஏறிய இடத்தில், இறங்கியது இறங்கிய இடத்தில்.

"கொன்றுவிட்டேனா?"

இல்லை என்று எனக்குத் தெரியும்.
தொட்டால் ஒரு மின்னல் ஓடும்,
கால்சியம் பெருகும்,
இழைத் தடத்தில் இரண்டு கால் வைத்து
சுமை தூக்கி நடக்கும் மயோசின்கள்
நடந்த கோலத்திலேயே உறையும்.
கால்சியம் வடிந்ததும் மறுபடி நடை.
ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.
ஆனால் சொல்லவில்லை.
பதினோரு வருடத்தில்
இந்த அறைக்குள் எதற்காகவும் ஒருவர் காத்திருந்ததில்லை;
அதனாலாக இருக்கலாம்.
கெட்ட புத்தி என்றாலும் சரி.

கண்ணை எடுக்காமல் அமர்ந்திருந்தார்.
விரல் நுனியில் ஒரு சீட்டு, ஒட்டப்படாமல்.
வெளியே யாரோ பனியைச் சுரண்டும் சத்தம்.
ஒரு நிமிடம். இரண்டு.
கோட்டைக் கழற்றினார், மடியில் வைத்தார்,
அம்மா சமையலறையில் விழுந்த நாளைப் பற்றி
என்னவோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஒரு துகள் அசைந்தது.
தயங்கியது. இன்னொன்று அதை இடித்தது.
கரையிலிருந்து பார்க்கிறவருக்கு
எது முதலில் என்று சொல்ல முடியாதபடி
எல்லாமே போய்க்கொண்டிருந்தன.
அவர் விட்ட மூச்சில் லென்ஸ் மங்கிவிட்டது.
துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்,
எதையும் எழுதவில்லை. பேருந்துக்கு நேரமாயிற்று என்றார்.

விடுமுறை முடிந்து ஜனவரியில் வந்தபோது
சாடியின் வயிற்றில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது,
தண்ணீர்மட்டத்துக்கு மேலே, வெளிச்சத்தை மறைக்காத இடமாய்ப் பார்த்து.
எண் 4471. எண்ணிக்கை: ஒன்று.
வகை: அசையும் சொத்து.

4470, முக்காலி.