இரண்டாவது லெஃப்ட்

மார்ச் பிறந்தால் என் மிஷின் இங்கிலீஷ் பேசும்.
பக்கத்துக்குத் தொண்ணூறு பைசா,
ஐம்பது செட் தாண்டினால் எண்பது.
ஆரோக்கியநாதன் சார் எண்ணித் தருகிற நோட்டுகளில்
சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும்.
பள்ளிக்கூடம் தருவதில்லை, அவர் சம்பளம்தான்.

அட்டையில் பெரிய எழுத்து:
மெல்ல மலரும் மாணவர் கையேடு.
பத்தாம் வகுப்பு. ஆங்கிலம்.
முப்பத்தைந்துக்கு எது வேண்டுமோ அது மட்டும்.
மலர்வதற்கு இன்னும் பதினெட்டு நாள்.

கடிதம் என்றால் ஒரே கடிதம்:
ஐயா, எங்கள் தெருவிளக்கு எரியவில்லை.
விளம்பரம் என்றால்
எதை விற்றாலும் அறுபது சதவீதம் தள்ளுபடி.
படம் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால்
'இந்தப் படம் மிக அழகாக இருக்கிறது' என்று தொடங்கு.
வெள்ளத்தில் மூழ்கின வீட்டுப் படம் வந்தா சார்?
ரூபிணி கேட்டாளாம், தேவனாம்பட்டினத்துப் பெண்.
அதுக்கும் அதேதான் எழுது, ஒரு மார்க் நிச்சயம்.

கடைசிப் பக்கத்தில் வழிகாட்டும் படம்.
வழி தெரியாத ஒருவர் உங்களிடம் கேட்கிறார்.
பஸ் ஸ்டாண்ட், பேங்க், பூங்கா,
இரண்டாவது லெஃப்டில் திரும்பினால் ஆஸ்பத்திரி.
கெடிலம் குறுக்கே ஓடாத ஊர்.
சிப்காட் பக்கத்துக் காற்று வீசாத ஊர்.
கடலும் கிடையாது,
நேரே போய்க்கொண்டே இருந்தால் தாள் முடிந்துவிடும்.

நான் இதே பரீட்சை எழுதியது
தானே புயல் அடித்த அடுத்த மார்ச்சில்.
இங்கிலீஷில் முப்பத்தொன்று.
ஜூனில் மறுபடி எழுதப் பணம் கட்டவில்லை,
கூரை கட்ட வேண்டியிருந்தது.
அப்புறம் இந்தக் கடை, இந்த மிஷின்,
வருஷா வருஷம் இந்தக் கையேடு.
கண் பட்டுப் பட்டு
வரி பிசகாமல் எனக்குள்ளும் ஒரு நகல் விழுந்துவிட்டது.

போன செவ்வாய், மதியம்.
வடக்கத்தி ஆள் ஒருவன், கூட இன்னொருவன்.
அந்த இன்னொருவனின் கையைச் சுற்றி ஒரு துண்டு,
துண்டு என்ன நிறமென்று தெரியவில்லை.
ஹாஸ்பிடல், ஹாஸ்பிடல் என்றான் முதலாமவன்.
மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
என் வாய் திறந்தது:

கோ ஸ்ட்ரெயிட்.
டேக் தி செகண்ட் லெஃப்ட்.
யூ வில் ஃபைண்ட் தி ஹாஸ்பிடல் ஆன் யுவர் ரைட்.

முழு ஐந்து மார்க்.
தேங்க் யூ மேடம் என்று ஓடினார்கள்.
பிறந்ததிலிருந்து என்னை ஒருவரும் மேடம் என்றதில்லை.
அந்தச் சுகத்தில் ஒரு நிமிஷம் நின்றேன், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம்தான் உறைத்தது.
மஞ்சக்குப்பத்தில் என் சந்திலிருந்து
இரண்டாவது லெஃப்ட் என்பது டாஸ்மாக்.

செருப்புகூடப் போடவில்லை.
மைதானத்து மூலையில் பிடித்தேன்.
ராங், ராங் என்றதற்கு மேல்
கையேட்டில் வரி இல்லை.
துண்டு சுற்றாத கையைப் பிடித்து
வாங்க, இப்படி வாங்க என்று
தமிழிலேயே இழுத்துக்கொண்டு போனேன்.
நன்றாகப் புரிந்தது அவர்களுக்கு.

திரும்பி வந்தால்
வழிகாட்டும் படம் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு.
நிறுத்த ஆளில்லாமல் மிஷின் துப்பியிருக்கிறது.

மறுநாள் சாரிடம் சொன்னேன்:
உங்க மேப்புல ஆஸ்பத்திரி தப்பான பக்கம் இருக்கு.
சிரித்தார். அது எந்த ஊரும் இல்லம்மா.
சிரிப்பு நின்ற பிறகு கேட்டார்:
அந்த ஆள் கை?
மூணு விரல் இருக்கு சார்.

செட்டுகளை அடுக்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.
கூடுதலாக விழுந்த படங்களுக்கும் பணம் நீட்டினார்,
வாங்கவில்லை.
அவற்றின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது,
கணக்கு எழுத ஆகும்.

நேற்று யாரோ
தனித்தேர்வர் விண்ணப்பம் ஒன்று நகல் எடுக்கக் கொடுத்தார்கள்.
ஒன்று கேட்டார்கள்.
இரண்டு போட்டேன்.