ஈத் சைபர்

புளியரையில் ஆனி பிறந்துவிட்டால்
கரண்டும் சாரல் மாதிரிதான்.
கணவாய்க் காற்று
சோதனைச்சாவடித் தகரத்தைத் தட்டும்போதே
எடைமேடை அறையில் விசிறி நின்றுவிடும்.

திரும்பி வரும்.
கணினி எழும்பும். திரை எழும்பும்.
பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொள்ளும்.
நெட்வொர்க் கார்டு மட்டும் எழும்பாது.
பின்பக்கத்துப் பச்சைப் பொட்டு
இருண்டே கிடக்கும்.

மேடைமேல் முப்பது டன் எம்சாண்ட்.
அதன் பின்னால் வாழைத்தார், முட்டை, கோழி,
கோழிக்குப் பின்னால் வெறும் ஆரன் சத்தம்.
எடை இங்கே தெரிகிறது,
தென்காசி ஆபீசுக்குப் போகவில்லை.
போகாமல் சீட்டு வராது.
"குழலு, அந்த மந்திரத்தச் சொல்லு தாயி"
என்பார் வெள்ளப்பாண்டி,
ஸ்டீரிங்கில் தாடையை வைத்தபடி.

இஃப்அப், ஒரு இடைவெளி, ஈத் சைபர்.

எட்டு மாசம். சில ராத்திரி பதினோரு தடவை.
வீட்டில் கண் அசந்தாலும் போன் அடிக்கும்;
பகல் ஷிஃப்ட் ஜெரோமுக்கு
எப்போதும் அந்த இடைவெளி மறந்துபோகும்.

நேற்று புனலூர் ஷைஜுவைப் பிடித்தேன்.
மெஷினை விற்றவன்.
"சேச்சி, ஆ ஃபைலொந்நு துறந்நு நோக்கிக்கே."
திறந்தேன்.
கார்டின் பெயர் இருந்தது, முகவரி இருந்தது,
எந்த வாசல் வழியாக வெளியே போக வேண்டும்
என்பதுகூட இருந்தது.
எழும்பு என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.
சோம்பேறி, செவிட்டு மூதேவி என்று
எத்தனை ராத்திரி திட்டியிருப்பேன்.
பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு
ரோசக்காரத் தாய்மாமன் போல
வராமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேலே ஒரே ஒரு சொல் சேர்க்கச் சொன்னான்:
ஆட்டோ.

"ஆட்டோவா? லாரி நிக்கிற எடத்துலயா?"
வெள்ளப்பாண்டி சிரித்த சிரிப்பில்
பீடி நழுவிச் சேற்றில் விழுந்தது.

இன்று ராத்திரி ரெண்டு இருபதுக்குக் கரண்ட் போனது.
வந்தது.
விரலைக் கீபோர்டில் வைத்தேன்.
அதற்குள் பச்சைப் பொட்டு சிமிட்டத் தொடங்கியிருந்தது,
சீட்டு பாதி வெளியே வந்திருந்தது.
கிழித்துக் கொடுத்தேன்.
வண்டி நகர்ந்துவிட்டது.
கொட்டாரக்கரையில் நர்சிங் படிக்கும் மகள்
இந்தத் தவணை கட்டிவிட்டாளா
என்று கேட்க வாயெடுத்திருந்தேன்.
கார்டு தூங்கிய நிமிஷங்களில்தான்
அவ்வளவும் பேசியிருக்கிறோம் போல.

அடுத்த லாரி இல்லை.
குடை எடுக்காமல் வெளியே போய்
மேடையின் நடுவில் நின்றேன்.
இரும்பு ஈரமாய், இன்னும் லேசாய்ச் சூடாய்.
கண்ணாடிக்கு உள்ளே
சிவப்பு எண்கள் தடுமாறி நின்றன:
அறுபது கிலோ.
வண்டி எண் கட்டம் காலி.

நான் திரும்பி நடப்பதற்குள்
அது தென்காசிக்குப் போய்விட்டது,
யாரையும் கேட்காமல்.