வலப்பக்கக் கதவு

ஐம்பத்திரண்டாம் வருஷத்து பிக்கப்.
மட்கார்டு மினோட்டில் கிடைத்தது.
பானெட், ஒருத்தி வீட்டுக் கோழிக்கூண்டுக்குக்
கூரையாய் இருந்தது;
விலை பேசி முடிக்கும்வரை
கோழிகள் இறங்கவே இல்லை.

கதவுகள்தான் அகப்படவில்லை.
இரண்டு குளிர்காலம்.

இடப்பக்கம் ஐவர் நைகார்டிடம் இருந்தது,
கோதுமைக் கொட்டகையில், சாக்கு போர்த்தி.
"மற்றது?" என்றேன்.
வடக்கே கையைக் காட்டினார்.
பெயர் சொல்லவில்லை.

பன்னிரண்டு மைல், சரளைக்கல் பாதை,
அதே மூக்கு.
"பாகம் பிரிச்சப்போ வண்டியையும் பிரிச்சோம்,"
என்றார் தோர்வால்ட்.
"எஞ்சின் எனக்கு, சக்கரம் அவனுக்கு.
அப்புறம் யார் ஓட்டுறது?"

எழுபது டாலர் கேட்டார், கொடுத்தேன்.
எண்ணிப் பையில் வைத்தபின்
கதவைத் தட்டிப் பார்த்தபடி கேட்டார்:
"அவன் எவ்வளவு வாங்கினான்?"
"அறுபது."
ஒரு பத்தை உருவி
என் சட்டைப்பையில் செருகினார்.
முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

வண்டி இப்போது நீலம்.
இடக்கதவு விரல் பட்டாலே சாத்திக்கொள்கிறது.
வலக்கதவைக் கொஞ்சம் தூக்கி
ஓங்கி அறைய வேண்டும்.
கீலில் ஒரு வாஷர் போட்டால் சரியாகும் என்கிறாள்
மெக்கானிக் குன்ஹில்ட்.

போடலாம். அவசரமில்லை.